பாதாளக்கரண்டியின் ஆறாவது கட்டம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே கிணறு வைத்திருந்த அத்தனை குடும்பங்களின் மானமும் ஒரே ஒரு மனிதரின் கையில் இருந்தது என்று நான் சொன்னால் அதில் ஒரு சொல்கூட மிகையில்லை. கலெக்டருக்குத் தெரியாதது தாசில்தாருக்குத் தெரியும். தாசில்தாருக்குத் தெரியாதது கர்ணத்துக்குத் தெரியும். கர்ணத்துக்கும் தெரியாதது கிணற்றின் அடியில் கிடக்கும். அதைத் தெரிந்துவைத்திருந்தவர் பாதாளக்கரண்டி.

குழாயைத் திருகிக் குளிக்கும் இந்தக் காலத்து வாசகர்களுக்குப் பாதாளக்கரண்டி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றி ஏழெட்டுக் கொக்கிகள், மேலே கயிறு. கிணற்றில் விழுந்த வாளியையும் செம்பையும் துழாவி எடுக்கிற சாமான். தெருவுக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும். இரவல் கேட்டுப் போனால் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும், ஏனென்றால் அதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவர் கிடையாது. நம்முடைய ஆள் மட்டும் ஈடாக அண்டாவையே வைத்தாலும் தன் கரண்டியை இரவல் தரமாட்டார். கரண்டியோடு அவரே வருவார். அதனால் கரண்டியின் பெயரே அவருக்கும் ஆகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் அவரைப் பார்த்தபோது எழுபது வயது இருக்கும். பங்குனி வெயிலிலும் தலையில் நீலக் கம்பளிக் குல்லாய். பிறந்தது காரைக்காலில். வாலிபத்தில் எப்படியோ மார்செய்ல்ஸ் வரைக்கும் போய், அங்கே டாலிஸ்மான் என்ற பிரெஞ்சு நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்ததாகச் சொல்வார். அந்தக் கப்பல் சரக்கு ஏற்றவில்லை, சண்டைக்கும் போகவில்லை. நடுக்கடலில் நின்று, இரும்புக் கயிற்றில் வலையைக் கட்டி அடிமட்டத்துக்கு இறக்கி, அங்கே கிடப்பதை வாரி மேலே கொண்டுவந்து பார்ப்பதுதான் அதற்கு வேலை. இதைக் கேட்டதும் எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல."

"பொறவு எதுக்குத் தேடுனாங்க?"

"அடியில என்ன இருக்குன்னு பாக்கத்தான்."

"சரித்தான். வேல வெட்டி இல்லாத துரைமாருக போல."

கப்பலைவிட்டு இறங்கி, ஊர் திரும்பி, தளவாய்புரத்தில் பெண் கட்டி, அந்த அம்மாளும் காலமான பிறகு சேத்தூர் சாலையில் ஒற்றை அறையில் குடியிருந்தார். கடல்காற்றே எட்டாத ஊரில் மாட்டிக்கொண்ட கடல்காரர் என்ன செய்வார்? கிணறுகளைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கிணற்றில் கரண்டி போடுவதைப் பார்க்கத் தெருவே கூடும். முதலில் ஈயக்குண்டின் அடியில் மெழுகைப் பூசி உள்ளே விடுவார். மாதா கோயிலில் எரிந்து தீர்ந்த மெழுகுவத்தித் துண்டு அது. குண்டு மேலே வரும்போது மெழுகில் அடிமண் ஒட்டியிருக்கும். கயிற்றை இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்து, "அஞ்சு பாகம். அடி களிமண்ணு" என்று அறிவிப்பார். அடுத்தது தண்ணீரின் சூடு. அதற்கு அவரிடம் இருந்தது கம்பவுண்டர் ஒருவர் கொடுத்த காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குச்சி. கிணற்றுத் தண்ணீரின் சூடு அந்தக் குச்சியின் முதல் கோட்டைக்கூட எட்டாது. ஆகவே முப்பது வருஷமாக எல்லாக் கிணற்றுக்கும் 'காய்ச்சல் இல்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் கரண்டி இறங்கும். மேலே இழுப்பதற்கு அரைமணி நேரம் ஆகும்.

"செத்த வெரசா இழுமேய்யா, ஒல காயுது" என்பாள் வீட்டுக்காரி.

"வெரசா இழுத்தா அடியில கெடக்கற சீவனுக்குக் கண்ணு பிதுங்கிரும்."

"உள்ள கெடக்கது செம்புய்யா. மீனா?"

"மேல வாரதுக்கு முந்தி அது செம்புன்னு ஆரு சொன்னா?"

வந்த பொருளை உடனே கொடுத்துவிடவும் மாட்டார். நோட்டில் ஏற வேண்டும். ஆறு கட்டம் போட்ட நோட்டு. கிணறு, ஆழம், சூடு, அடி, கிடைத்தவை, விழுந்த விதம். ஈரம் பட்டால் ஊதா மையாக எழுதும் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி அவருடைய நாக்கு நிரந்தரமாக ஊதா நிறத்தில் இருந்தது. எழுதி முடித்ததும் கூடியிருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார். கப்பலில் அப்படித்தானாம். யாரும் உரிமை கொண்டாடாத பொருள் அவருக்குக் கூலி.

வினையே அந்தப் படிப்பில்தான். ஒரு வீட்டில் "குழம்புக் கரண்டி ஒன்று, மூக்குப்பொடி டப்பா மூன்று" என்று படித்தார். வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் வானத்தைப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், முப்பத்திரண்டு பல்லும் தன்னுடையதே என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர், வெள்ளிக் கூஜா விழுந்ததற்காக இவரைக் கூப்பிட்டுவிட்டார். கூஜாவோடு ஒரு மேல்வரிசைப் பல்செட்டும் வந்தது. தாசில்தார் வாயைத் திறக்காமலே, என்னுடையது இல்லை என்று தலையை ஆட்டினார். பல்செட்டு, விதிப்படி, கரண்டிக்காரரின் சாராயப் புட்டிக்குப் போயிற்று. நத்தை, தவளை என்று கிணற்றில் கிடைக்கிற ஜீவன்களையெல்லாம் அவர் சாராயத்தில் ஊறப்போட்டு, சீட்டு ஒட்டி வைப்பது வழக்கம். ஒரு வாரம் ரசம் சாதத்தில் காலம் தள்ளிய தாசில்தார் கூண்டுவண்டியில் திரையைப் போட்டுக்கொண்டு வந்து பல்லை மீட்டுக்கொண்டு போனார். மனிதர் மதுவிலக்குப் பிரசங்கம் செய்கிறவர். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் பிரசங்கம் செய்த மேடைக்குப் பக்கத்தில் யாராலும் நிற்க முடியவில்லை என்று கேள்வி.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் வருவது என் கதை. நாற்பது வருஷமாக என் வாயால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதும்போது இப்போதும் காது மடல் சுடுகிறது.

அப்போது நான் பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல், ராஜபாளையத்தில் மாமனார் வீட்டோடு இருந்தேன். மாமனார் பருத்தித் தரகர். அவருடைய வெள்ளிச் சங்கிலிக் கடிகாரத்துக்கு வீட்டில் எனக்கு இருந்ததைவிட மரியாதை அதிகம். உச்சிக்கு முன்பே வீடு திரும்பி அவர் அதை ஆணியில் மாட்டிவிடுவார். சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி வரை தூங்குவார். அந்த நேரத்தில் நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசகசாலைக்குப் போய், நாலு பேர் பார்க்கும்படி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து மணி பார்ப்பேன். நேரம் தெரிந்துகொண்டு எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நேரத்தைத் தவிர என்னிடம் வேறெதுவும் இல்லாத காலம் அது.

ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்து, முகம் கழுவக் கிணற்றுச் சுவர்மேல் குனிந்தேன். பையிலிருந்து சங்கிலி நழுவிற்று. 'டுபுக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்த நிமிஷமே மாமனாரை எழுப்பிச் சொல்லியிருந்தால் ஒரு வசவோடு போயிருக்கும். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்தேன்.

சந்தேகம் செல்லத்தாயி மேல் விழுந்தது. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் தண்ணீர் இறைத்து, அறைகளைப் பெருக்கி, அம்மியில் அரைத்துக் கொடுத்த விதவைப் பெண். காலையில் வந்து உச்சிக்குள் போய்விடுவாள். ஆணியில் கடிகாரம் மாட்டிய பிறகு அந்த அறையை அன்றைக்கு அவள்தான் பெருக்கினாள். மாமனாருக்கு அது போதும். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வந்ததும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். எடுத்த எடத்துல வச்சிரு. இல்லன்னா பொறவு ஊருக்கே சொல்லிருவேன்" என்றார்.

"நான் எடுக்கலய்யா" என்றாள்.

அவள் மகளுக்குச் சேத்தூரில் மாப்பிள்ளை பேசி வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஊருக்குச் சொல்வதென்றால் சேத்தூருக்கும் சொல்வதுதான். திருடி மகள் என்று ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் கல்யாணம் நின்றுவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மத்தியானம் அவள் அரைத்த துவையலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள். வராவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. புதன்கிழமை கை தவறிச் செப்புக்குடத்தைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டாள். மாமியார் அதற்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்துவிட்டு, கரண்டிக்காரரை வெள்ளிக்கிழமை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சேத்தூர் சாலைக்கு நடந்தேன். அறை முழுக்கப் புட்டிகள். சுவரோரம் ஒரு பல்லி போக இடமில்லை. நான் சுற்றி வளைத்துப் பேசினேன். நாளைக்குக் குடத்தை மட்டும் எடுத்தால் போதும். வேறு ஏதாவது சின்னச் சாமான் மாட்டினால் நோட்டில் ஏற்றாமல் என்னிடம் தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.

"நோட்டுல ஏத்தாமலா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றுவலிக்காரர் போல முகத்தைச் சுளித்தார். "மாப்பிள, ஒமக்கு ஒரு நண்டக் காட்டணும்னுதான் ஆச. ஆனா அது பாரீசு மியூசியத்துல இருக்கு."

"நண்டுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒரு நாள் கப்பல் ஆடுன ஆட்டத்துல ரெண்டு புட்டி உருண்டு சீட்டு ரெண்டும் கழண்டுருச்சு. பக்கத்துல நின்னது நான். எனக்கு அவிய எழுத்து வாசிக்கத் தெரியாது. கேட்டா தொலிய உரிச்சிருவானேன்னு கைக்கு வந்தபடி ஒட்டிட்டேன். மேலாக்க இருக்கற நண்டு ரெண்டாயிரம் பாகத்து நண்டாப் போச்சு. இன்னைக்கும் பாக்கவன் பூரா எம்பொய்யத்தான் வாசிக்கான். அந்த நண்டு வாயத் தொறந்து, நான் அங்கன உள்ளவன் இல்லன்னு சொல்லுமா?"

"செத்த நண்டுதானே" என்றேன்.

"அதுக்காக?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு எனக்கு அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது. புட்டிகளைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தெரு திரண்டிருந்தது. மெழுகு இறங்கிற்று. ஆறு பாகம், அடி மணல். காய்ச்சல் இல்லை. முதல் வீச்சில் செப்புக்குடம் வந்தது. நான் முந்திக்கொண்டு, "குடம் வந்தாச்சு, போதும்" என்றேன். மூன்று வீச்சுக்குக் குறைத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மூன்றாவது வீச்சில், ஒரு கொக்கியில், வெள்ளிச் சங்கிலி தொங்கிக்கொண்டு வந்தது.

உண்மை வெளியே வந்துவிட்டது, நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். நடந்தது வேறு.

"பாத்தியளா?" என்றார் மாமனார். "எடுத்தவ பயந்துபோயி கெணத்துல போட்டிருக்கா. அத எடுக்கத்தான் கொடத்த வேணும்னு தள்ளிவிட்டு ஆளக் கூப்பிட வச்சிருக்கா."

தெரு மொத்தமும் தலையை ஆட்டியது. செல்லத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கரண்டிக்காரர் எதையும் கவனிக்கவில்லை. நாக்கில் பென்சிலைத் தொட்டு எழுதிக்கொண்டே படித்தார். "கடியாரம் ஒன்று. சங்கிலியோட. முள்ளு நிக்கிற நேரம் நாலு பத்து."

மாமனார் புருவத்தைச் சுருக்கினார். உச்சிக்கே போய்விடுகிறவள் நாலு பத்துக்குக் கிணற்றில் எப்படிப் போடுவாள் என்ற கணக்கு அவர் தலைக்குள் ஓட ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. நான் நடுவில் புகுந்தேன். தண்ணீர் உள்ளே ஏறும்போது அழுத்தத்தால் முட்கள் தாமாகச் சுற்றும், அந்த நேரத்தை நம்புவதற்கில்லை, இது சாதாரண சயன்ஸ் என்று சொன்னேன். அப்படி ஒரு சயன்ஸ் கிடையாது.

"சுத்தாது மாப்பிள. கப்பல்ல ஒரு ஆளு கடியாரம் விழுந்து, மறுநாளு வலையில வந்துச்சு. விழுந்த நேரத்துலதான் நின்னுச்சு" என்றார் அவர்.

"எந்தக் கப்பல்?" என்றேன்.

பிடி கிடைத்துவிட்டது. பி.ஏ. என்ற இரண்டு எழுத்தையும் முன்னால் நிறுத்திக்கொண்டு பத்து நிமிஷம் பேசினேன். அவ்வளவு ஆழத்தில் வெளிச்சம் கிடையாது, புழு பூச்சி வாழ முடியாது, வலை எட்டவே எட்டாது, அப்படி ஒரு கப்பலே உலகத்தில் இருந்ததில்லை, இந்த ஆள் காரைக்காலைத் தாண்டிப் போனவரே இல்லை, இவர் நோட்டில் இருப்பது பூராவும் புளுகு. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமனார் என் தோளில் தட்டி, "படிச்சவன் படிச்சவன்தான்" என்றார். அந்த வீட்டில் காலடி வைத்த நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

பல வருஷத்துக்குப் பிறகு மதராஸில் ஒரு நூலகத்தில் அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்தேன். பாய்மரமும் புகைக்கூண்டுமாக நின்றது. பாதாளத்திலிருந்து வந்த குருட்டு ஜீவன்களின் படங்களும் பக்கம் பக்கமாக இருந்தன. புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அன்று கிணற்றடியில் கரண்டிக்காரர் குல்லாயைச் சரிசெய்துகொண்டார். மாமனார் கடிகாரத்துக்குக் கையை நீட்டினார்.

"ஆறாவது கட்டம் காலியாக் கெடக்கு. எப்பிடி விழுந்துச்சுன்னு எழுதணும். எழுதாமச் சாமானக் குடுக்கதில்ல."

"ஓய், அது என் கடியாரம்யா. போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவியளும் எழுதித்தான் எடுத்துட்டுப் போவாக."

துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கடிகாரம், முழங்காலில் நோட்டு. மாமனார் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் இரைந்துவிட்டு உள்ளே போனார். எழுபது வயதுக் கிழவரின் மடியிலிருந்து பிடுங்குவதை நாலு பேர் பார்த்தால் நன்றாக இராது. செல்லத்தாயி வீட்டுக்குப் போகவில்லை, கிணற்றுச் சுவரோரமே குந்தியிருந்தாள். உச்சி வெயில் வந்தது. மாமியார் மனசு கேட்காமல் சோறு கொடுத்தனுப்பினார். எழுதி முடிக்காமல் சாப்பிடுவதில்லை என்று அதைத் திருப்பிவிட்டார்.

நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் மனைவி மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"திங்கக்கிழம நாலு பத்துக்கு எங்க இருந்தீய?"

"வாசகசாலையில."

"திரும்பி வந்து மூஞ்சி கழுவுனீய. நாந்தான் துண்டு எடுத்துக் குடுத்தேன்."

அவள் மோர்ச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

பொழுது சாயும் நேரம் செல்லத்தாயி எழுந்து போய், தன் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள்.

"என் பேர எழுதிக்கிடுங்கய்யா. எழுதிட்டு இதக் குடிங்க" என்றாள்.

"நீயா போட்ட?"

"இல்ல."

"பொறவு எப்பிடி எழுத?"

"நீங்க காலையிலருந்து பட்டினியாக் கெடக்கீய. ஊரு எப்பிடியும் என்னத்தான் சொல்லப்போகுது. அதுல நீங்களும் ஏன் சாகணும்?"

"ஏட்டி, பொய்யி எழுதவா நான் இம்புட்டு நேரம் வெயில்ல காயுதேன்?" என்று அவர் கத்தினார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். கத்திவிட்டு, அவருக்கே கண் கலங்கிவிட்டது.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இறங்கிப் போனேன். வாயால் சொல்லத் தைரியம் வராமல் கையை நீட்டினேன். அவர் பென்சிலைக் கொடுத்தார். நாக்கில் தொட்டு, ஆறாவது கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதோடு தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். ஐயோ, படிக்கப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"விழுந்த விதம்" என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி படித்தார். "வீட்டு மாப்பிள்ளை சொல்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போய், திரும்பி வந்து முகம் கழுவக் குனிந்தபோது விழுந்தது. செல்லத்தாயிக்கு இதில் ஒன்றும் தெரியாது."

கதவுகள் திறந்தன. விட்டுப்போனவர்களுக்காக இன்னொரு தடவை படித்தார். பிறகு கடிகாரத்தைத் துணியால் துடைத்து மாமனார் கையில் வைத்தார்.

மாமனார் என்னைப் பார்க்கவே இல்லை. "செல்லத்தாயி, நாளைக்கு எப்பவும்போல வந்துரு" என்றார்.

"வரலய்யா. சேத்தூர்க்காரவுக வரும்போது, நான் எடுக்கலன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. அது போதும்."

அவர் தலையைக் குனிந்து, சரி என்றார். உள்ளே போனார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. எனக்குத்தான்.

நான் துவைகல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நாக்கெல்லாம் மை கசந்தது. "கப்பலப் பத்தி நான் சொன்னது" என்று ஆரம்பித்தேன்.

"அது நோட்டுல இல்லையே மாப்பிள" என்றார்.

தூக்குச்சட்டியின் மூடியைக் கழற்றி, அதில் பாதிக் கஞ்சியை ஊற்றி, என் முன்னால் தள்ளிவைத்தார். செல்லத்தாயி கையில் இரண்டு சின்ன வெங்காயம் இருந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் ஒன்றை மூடியின் ஓரத்தில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாய் அவருடையது. ஆனாலும் நான் ஒரு வாய் குடிக்கும்வரை அந்தப் பெரியவர் தன் கஞ்சியைத் தொடவில்லை.